எல்லா – பொய்யா: எதுகைதானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெண்பா பயின்று வருகிறேன். அடிகளின் முதல் சொற்களில் இரண்டாம் எழுத்து ஒன்றுவதுதானே எதுகை? ‘எல்லா விளக்கும்’ குறளில் எல்லா, பொய்யா என்று இரண்டாம் எழுத்து மாறுகிறதே, அது எப்படி எதுகை? நான் ‘பக்கம் வந்தாய் / காத்து நின்றேன்’ என்று எழுதினேன். க், த் இரண்டும் வல்லினம்தான். ஆனாலும் ஓசை ஒட்டவில்லை.

– ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

ல், ய் இரண்டும் இடையினம். அதே எழுத்து வராமல் அதே இனத்து எழுத்து வருவதால் அது இன எதுகை, செய்யுள் இலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகை ஏற்றுக்கொண்டதுதான். ஆனால் இலக்கணம் ஏற்றதெல்லாம் காதில் விழுந்துவிடாது. குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

எல்லா விளக்கும் விளக்கல்ல சான்றோர்க்குப்
பொய்யா விளக்கே விளக்கு (299)

எல்லா, பொய்யா இரண்டும் தேமா, அதாவது எல்-லா, பொய்-யா என்று இரண்டு அசையாக (ஒலித்துண்டாக) பிரியும் ஒரே அமைப்புள்ள சீர்கள். இரண்டிலும் மெய் இரட்டிக்கிறது, இரண்டும் ஆகாரத்தில் முடிகின்றன. இத்தனை ஒத்திருப்பதால்தான் ல், ய் வேறுபாட்டைக் காது பொறுத்துக்கொள்கிறது. இன்னொன்று: ஏழு சீரில் நான்கு ‘விளக்கு’. இதன்மேல் எதுகையும் முழுதாக ஒன்றியிருந்தால் ஓசை சலித்துப்போயிருக்கும். இங்கே இன எதுகைதான் அழகு என்பேன்.

114ஆம் குறளின் இரண்டு அடிகளும் தக்கார், எச்சத்தால் என்று தொடங்குகின்றன. க், ச் ஓரினமே. ஆனால் ஒன்று ஈரசை, மற்றது மூவசை. எதுகை மெலிந்துதான் ஒலிக்கிறது. முதலடியைத் தூக்கி நிறுத்துவது ‘தக்கார் தகவிலர்’ என்று முதலெழுத்து ஒன்றும் மோனை.

உங்கள் வரியில் இடறுவது இரண்டாம் எழுத்தல்ல, முதலெழுத்து. ப குறில், கா நெடில். எதுகைக்கு முதலெழுத்தின் மாத்திரை ஒத்திருக்க வேண்டும். ட் அப்படியே ஒன்றினாலும் கட்டு – காட்டு எதுகையாகாது. ‘பக்கம் வந்தாய் / நித்தம் நின்றேன்’ என்று மாற்றிப் பாருங்கள். குறிலுக்குக் குறில், தேமாவுக்குத் தேமா, ஈற்றில் மகரமும் ஒன்று. நித்தம் – நின்றேன் மோனையும் சேர்ந்துகொள்கிறது.

சீவக சிந்தாமணிப் பாடல் ஒன்றில் அடிகளைத் தொடங்கும் ‘காய்மாண்ட’, ‘பூமாண்ட’ வேறு வகை. நடுவில் நிற்கும் ய் கணக்கில் வராது, மகரமே எதுகை. ய், ர், ல், ழ் நான்குக்கு மட்டுமே இந்தச் சலுகை. ஆசிடை எதுகை என்று பெயர். ஆசு என்பது பொற்கொல்லர் நகையை ஒட்டவைக்கும் பற்றாசு. எவ்வளவு பொருத்தமான பெயர்!

வல்லின எதுகையில் ஒரு எச்சரிக்கை. பகல் – இதழ் போல உயிர்களுக்கு நடுவே தனித்து வரும் வல்லினம் பேச்சில் மெலிந்துவிடும். இலக்கணப்படி சரி, செவிக்கு எட்டாது. பக்கம் – நித்தம் போல இரட்டித்து வருவதையே முதலில் பழகுங்கள்.