பப்பாளியைக் காப்பாற்றிய குட்டிக் குளவி: கேள்வி பதில்

பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆராய்ச்சியால் நம் உடம்புக்கும் மண்ணுக்கும் அடுப்படிக்கும் என்ன பயன் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் பூச்சியியல் படித்து, வேளாண் கல்லூரியில் பல வருஷம் பாடம் நடத்தி, ஓய்வு பெற்றவள். அதனால் என் பதில்கள் எல்லாம் பூச்சி வழியாகத்தான் வரும்.

மாடித்தோட்டக்காரி, தாம்பரம்: அக்கா, ஆராய்ச்சி எல்லாம் பேப்பரோடு நின்றுவிடும் என்கிறார் என் வீட்டுக்காரர். நம் வீடு வரைக்கும் வந்து சேர்ந்த ஒன்றைச் சொல்லுங்களேன்.

அவர் பப்பாளி சாப்பிடுவாரா? சாப்பிடுவார் என்றால் அங்கிருந்தே தொடங்கலாம்.

2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. இலையடி, காம்பு, காய் என்று எங்கு பார்த்தாலும் பஞ்சைப் பிய்த்து ஒட்டிய மாதிரி இருக்கும். சாறு உறிஞ்சப்பட்ட இலை சுருங்கி மஞ்சளாகி விழும். பூச்சி கழிக்கும் தேன் போன்ற திரவத்தின் மேல் கரும்பூஞ்சணம் படரும். கடைசியில் மரம் மொட்டையாக நிற்கும். பப்பாளியோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மரவள்ளி, மல்பெரி, கொய்யா, கத்தரி, பருத்தி, செம்பருத்தி என்று 60-க்கும் மேற்பட்ட செடிகளில் ஏறியது. இரண்டே வருஷத்தில் கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம் வரை போய்விட்டது.

இதன் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே இதைத் தின்று அடக்கி வைக்கும் எதிரிகள் உண்டு. இங்கே வந்தபோது அந்த எதிரிகள் கூட வரவில்லை. அதனால்தான் இந்த ஆட்டம். 2010 ஜூலையில், அமெரிக்க வேளாண் துறை புவர்ட்டோ ரிக்கோவில் வளர்த்துவந்த மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் (மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்பவை) பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் நிறுவனத்துக்கு வந்தன. அங்கே சோதனை முடிந்த பிறகு, அந்த ஆண்டு அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் வெளியே விட்டார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் ஆராய்ச்சி நிலையங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் அவற்றைப் பெருக்கி உழவர்களுக்குக் கொடுத்தது. மூன்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் நன்றாகக் காலூன்றியது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சில மாதங்களிலேயே தோட்டங்கள் தெளிந்தன.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் இதனால் இந்தியாவுக்குக் கிடைத்த பலனைக் கணக்குப் போட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் குறைந்தபட்சம் 50 கோடி டாலருக்கு மேல் என்று வந்தது. இன்று நீங்கள் கடையில் வாங்கும் பழத்தின் பின்னால் அந்தக் குளவி இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

சத்தி உழவன்: மேடம், அந்த வருஷம் எனக்கு மூணு ஏக்கர் பப்பாளி. கடைக்காரர் கொடுத்த மருந்தையெல்லாம் வாரம் ஒரு முறை அடித்தேன். பூச்சி இன்னும் ஜாஸ்திதான் ஆனது. ஏன்?

உங்களைப் போல நிறையப் பேர் பணத்தையும் உடம்பையும் கெடுத்துக்கொண்டார்கள். படிக்கும்போதே மனசு கஷ்டமாக இருக்கிறது. காரணம் இதுதான். அந்த வெள்ளை மாவு ஒரு மெழுகுப் பூச்சு. தண்ணீரில் கலந்த மருந்து அதில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். முட்டைகள் பஞ்சுப் பை ஒன்றுக்குள் பத்திரமாக இருக்கும். ஒரு தாய் நூற்றுக்கணக்கில் முட்டை இடும். நீங்கள் மேலே இருப்பதைக் கொன்றாலும் பத்து நாளில் அடுத்த கூட்டம் வெளியே வரும்.

மருந்தில் முதலில் செத்தது நம் பக்கத்து ஆள்கள்தான். பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, அப்புறம் ஒரு சின்னப் பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு. இந்தப் புழு இலை தின்னாது, மாவுப்பூச்சியைத்தான் தின்னும். உடம்பெல்லாம் அதன் மாவையே பூசிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் கிடக்கும். அதன் கூட்டுப்புழுவைத் திருப்பிப் பார்த்தால் அச்சு அசல் குரங்கு முகம்! அதையும் பூச்சி என்று நினைத்து நசுக்கியவர்கள் எத்தனையோ பேர்.

பட்டுக்கூடு, உடுமலை: எங்களுக்கு மல்பெரியில் வந்தது. மருந்தே அடிக்க முடியாது, இலையில் ஒட்டியிருந்தாலும் பட்டுப்புழு செத்துவிடும். குளவி வந்த பிறகுதான் மூச்சு விட்டோம். அந்தக் குளவி இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. அதுதான் இந்த முறையின் அழகு. வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்க வேண்டாம். மாவுப்பூச்சி கொஞ்சம் தலைதூக்கினால் குளவியும் பெருகும், அது குறைந்தால் இதுவும் குறையும். நீங்கள் செய்ய வேண்டியது பக்கத்து வயலில் கண்டபடி மருந்து அடிக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

முதுகலை மாணவன், மதுரை: வணக்கம் அம்மா. எனக்குப் பூச்சி வகைப்பாட்டியலில் ஆராய்ச்சி செய்ய ஆசை. பூச்சிக்குப் பேர் வைத்து யாருக்கு என்ன லாபம் என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

மரவள்ளியையே எடுத்துக்கொள். 1970-களின் தொடக்கத்தில் காங்கோ பக்கம் ஒரு மாவுப்பூச்சி வந்தது. ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான ஏழைகளுக்கு மரவள்ளிதான் சோறு. அது கருகினால் பட்டினி. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா என்பதால் எதிரியை அங்கே தேடிப் போனார்கள். முதலில் கண்டத்தின் வடக்குப் பகுதியில் மரவள்ளி மேல் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. பார்க்க அதே மாதிரி. அதன் ஒட்டுண்ணிகளை எடுத்து முயன்றார்கள், பலிக்கவில்லை. வகைப்பாட்டியல் ஆள்கள் உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொன்னார்கள், இது வேறு இனம் என்று. ஆப்பிரிக்காவில் இருப்பது ஆண் துணையே இல்லாமல் பெருகுவது. வடக்கில் கிடைத்ததற்கு ஆணும் பெண்ணும் உண்டு. சரி, இன்னும் தெற்கே போங்கள் என்று முடிவாகி, 1981-இல் பராகுவேயில் சரியான பூச்சியும் அதன் குளவியும் கிடைத்தன. அனகைரஸ் லோபெசி என்பது அந்தக் குளவியின் பெயர். அதே ஆண்டு நைஜீரியாவில் விட்டார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் மரவள்ளி நாடுகள் முழுக்கப் பரவியது. அந்த வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரன் சூரிக்கில் முனைவர் பட்டம் வாங்கி, பெர்க்லியில் உயிரியல் கட்டுப்பாடு பயின்றவர். 1995-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

ஒரு பெயர் தப்பாக இருந்ததால் எத்தனை வருஷம் வீணானது பார். பப்பாளி விஷயத்தில் நமக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. 1992-லேயே அந்த மாவுப்பூச்சியை முறைப்படி விவரித்துப் பெயர் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு அது எந்த ஊரிலும் பெரிய பிரச்சினை கிடையாது. அவர்களையும் யாராவது ‘என்ன லாபம்?’ என்று கேட்டிருப்பார்கள். பெயர் தெரிந்தால்தான் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால்தான் எதிரி கிடைப்பான்.

நம் அனகைரஸ் கதை இன்னும் முடியவில்லை. அதே மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, சேலம், நாமக்கல் குச்சிக்கிழங்குக் காடுகளுக்கும் வந்தது. இந்த முறை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்து, பெங்களூரில் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் உழவர்களிடம் கொடுத்தார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பராகுவேயில் யாரோ இலையைத் திருப்பிப் பார்த்ததால்தான் இன்று நம் வீட்டுப் பாயசத்துக்கு ஜவ்வரிசி கிடைக்கிறது. வீட்டில் இதைச் சொல். அப்புறம் தைரியமாகச் சேர்.

வேலிகாத்தான், ராமநாதபுரம்: வெளிநாட்டு உயிரைக் கொண்டுவந்து விடுவது ஆபத்து இல்லையா? சீமைக்கருவேலத்தை நல்லது என்றுதான் கொண்டுவந்தார்கள்.

உங்கள் பயம் நியாயமானது. ஆஸ்திரேலியாவில் 1935-இல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஹவாயிலிருந்து தேரைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தேரை வண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்றது. அதன் நஞ்சில் உள்ளூர்ப் பிராணிகள் செத்தன. இன்றுவரை அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். அகப்பட்டதையெல்லாம் தின்னும் உயிரைத் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு.

இப்போது அப்படி இல்லை. அரசு அனுமதி இல்லாமல் ஒரு குளவிகூட உள்ளே வராது. வந்ததும் நேராகத் தனிமைச் சோதனைக் கூடத்துக்குப் போகும். வேறு மாவுப்பூச்சிகள், பட்டுப்புழு, தேனீ, நமக்கு நன்மை செய்யும் பூச்சிகள் பக்கம் போகிறதா என்று பார்ப்பார்கள். குறிப்பிட்ட மாவுப்பூச்சியைத் தவிர வேறெதிலும் முட்டையிடாது என்று உறுதியான பிறகுதான் கதவு திறக்கும். இந்தக் குளவி மனிதரைக் கொட்டாது, கண்ணில் படுவதே கஷ்டம்.

நம் ஊரில் இதற்குப் பழைய உதாரணமும் உண்டு. ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் சப்பாத்திக்கள்ளி நிலத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு கிடந்தது. 1926-இல் கள்ளியை மட்டுமே உண்ணும் ஒரு செதில்பூச்சியை விட்டார்கள். பெரும்பகுதி நிலம் திரும்பக் கிடைத்தது. அந்தப் பூச்சியும் மாவு பூத்த மாதிரிதான் இருக்கும். இன்றைக்கும் கொங்குப் பக்கம் மாவுப்பூச்சியைக் கள்ளிப்பூச்சி என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

ஏழாம் வகுப்பு டீச்சர், கரூர்: குளவியை எப்படி ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள்? பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம் டீச்சர், உருளைக்கிழங்கு போதும்! கிழங்கை இருட்டறையில் ஈரமணலில் வைத்தால் வெளிறிய முளைகள் விரல் நீளத்துக்கு வரும். மாவுப்பூச்சியின் முட்டைப் பையை ஊசி முனையால் எடுத்து முளையில் வைப்போம். மூன்று நான்கு வாரத்தில் முளை முழுக்க வெள்ளையாகிவிடும். பிறகு கிழங்குகளை வலைக்கூண்டுக்குள் வைத்துக் குளவிகளை விடுவோம். குளவி, பூச்சியை உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்க்கும், திரும்பி நிற்கும், முட்டையைச் செருகும். உள்ளே புழு பொரித்து மாவுப்பூச்சியைத் தின்று வளரும். பூச்சி உப்பிப் பழுப்பாகி, காய்ந்த அரிசிப்பொரி மாதிரி ஆகிவிடும். மம்மி என்போம். ஏறக்குறைய இரண்டரை வாரத்தில் அதில் ஒரு வட்டத் துளை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும்.

நான் முதன்முதலில் லென்ஸ் வழியாக அந்தத் துளை திறப்பதைப் பார்த்த நாள் மறக்கவே மறக்காது. மூடியைத் தள்ளிக்கொண்டு முதலில் தலை வந்தது. சற்று நின்று, முன்காலால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிள்ளைகளுக்கு ஒரு லென்ஸ் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் வகுப்பில் சத்தமே இருக்காது.

செவிலியர், தர்மபுரி: மேடம், பூச்சிமருந்து நஞ்சால் வருபவர்களை வார்டில் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருக்கிறேன். இந்த ஆராய்ச்சி எல்லாம் அதைக் குறைக்குமா?

குறைக்கும் சகோதரி. அடிக்காத மருந்து யாருடைய மூச்சிலும் போகாது, கிணற்றிலும் இறங்காது, வீட்டு மூலையில் பாட்டிலாகவும் நிற்காது. கைத்தெளிப்பான் மாட்டிக்கொண்டு வெறும் காலோடு வயலில் நடக்கும் கூலியாளுக்குத்தான் முதல் பலன்.

உங்கள் துறைப் பக்கம் இலங்கையைப் பாருங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்து மருத்துவர்களும் அவர்களோடு சேர்ந்து உழைத்த வெளிநாட்டு ஆய்வாளர்களும், எந்த மருந்தைக் குடித்து வருபவர்கள் பிழைப்பதில்லை என்று மருத்துவமனை வாரியாகக் கணக்கெடுத்தார்கள். அரசு மிகக் கொடிய மருந்துகளை 1995 முதல் ஒவ்வொன்றாக நிறுத்தியது; பின்னாளில் நிறுத்தியவற்றுக்கு அந்த ஆதாரங்கள் துணை நின்றன. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. விளைச்சல் அதனால் விழவில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டின. நீங்கள் வார்டில் எழுதும் ஒவ்வொரு கேஸ் ஷீட்டுக்கும் இப்படி ஒரு மதிப்பு இருக்கிறது.

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி: வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. என்ன மருந்து?

மருந்து வேண்டாம். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் வந்த சுருள் வெள்ளை ஈக்கு என்கார்சியா என்ற குளவி தானாகவே வந்து சேர்ந்துவிட்டது. நீங்கள் மருந்தடித்தால் அதுதான் முதலில் சாகும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளைக் கட்டுங்கள். ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கரும்பூஞ்சணத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சிய பசையைத் தெளித்தால், காய்ந்து செதிலாக உரிந்து விழும்.

மாடித்தோட்டக்காரி, தாம்பரம்: அக்கா, மறுபடி நான்தான். வீட்டுக்காரர் உங்கள் பதிலைப் படித்துவிட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தார். செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதாம். என்ன செய்ய?

அவரையே திரும்ப அனுப்புங்கள், கையில் ஒரு லென்ஸோடு. பழுப்பாக உப்பி, வட்டத் துளை போட்ட கூடுகள் நடுவில் தெரிகின்றனவா என்று பார்க்கட்டும். தெரிந்தால் குளவி ஏற்கெனவே வந்து வேலையைத் தொடங்கிவிட்டது, அந்தக் கிளையைத் தொடவே வேண்டாம். தெரியாவிட்டால் ரொம்ப மோசமான நுனிகளை மட்டும் வெட்டி, பையில் கட்டி வெயிலில் போடுங்கள். மற்றதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். தொட்டியில் எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேன் திரவத்துக்காக எறும்புகள் மாவுப்பூச்சிக்குக் காவல் இருக்கும், குளவியைக் கிட்ட விடாது. தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் போதும். இரண்டு வாரம் கழித்து மறுபடி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.