தக்காளி நாற்று ஒரே ராத்திரியில் சாய்ந்துவிட்டதா?

சென்னை வாசகி ஒருவரின் கேள்வி: ஆடி பிறந்ததும் மொட்டைமாடியில் ஒரு பெரிய க்ரோ பேக்கில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை எல்லாவற்றையும் ஒன்றாக ஊன்றினேன், காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். தக்காளி முளைத்து நெடுநெடுவென்று வந்தது, ஒரு நாள் காலையில் பார்த்தால் மொத்தமும் சாய்ந்து கிடக்கிறது. மிளகாய் பத்து நாளாகியும் தலைகாட்டவில்லை. விதை மோசமா?

முளைத்த விதையை என்ன குறை சொல்வது? சாய்ந்த நாற்றில் ஒன்றை எடுத்து, தண்டு மண்ணைத் தொட்ட இடத்தைப் பாருங்கள். அங்கே மட்டும் நூல் மாதிரி மெலிந்து, பழுப்பாக, வெந்தது போல நைந்திருந்தால் அது நாற்றழுகல். ஓயாமல் ஈரமாக இருக்கும் மண்ணில் வரும் பூஞ்சண நோய் இது. பெரிய பையில் நீங்கள் விடும் தண்ணீரைக் குடிக்க அந்த இத்துனூண்டு செடிக்கு வேர் ஏது, அது அப்படியே தேங்கி நிற்கும். நெடுநெடுவென்று வந்ததைப் பார்த்து சந்தோஷப்பட்டிருப்பீர்கள், ஆனால் அது வெயில் போதாமல் வெளிச்சம் தேடி நீண்ட தண்டு.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் குழித்தட்டில் நாற்று விட்டுத்தான் பிடுங்கி நட வேண்டும். தட்டு இல்லையா, அடியில் ஓட்டை போட்ட டீ கப் போதும். இரண்டு மூன்று தடவை அலசிய தென்னைநார்க் கழிவோடு கொஞ்சம் மண்புழு உரம் கலந்து நிரப்புங்கள். விதையை அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகப் போட வேண்டாம். போடுவதற்கு முன் ஆறிய கஞ்சித் தண்ணீர் சில சொட்டோடு ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் பொடியை (நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பாக்டீரியா) பிசறி நிழலில் உலர்த்திக்கொண்டால் நாற்றழுகல் பெருமளவு குறையும். (பாக்கெட்டில் விதை ரோஸ் நிறத்தில் இருந்தால் ஏற்கெனவே மருந்து ஏற்றியது, அதற்கு இதெல்லாம் வேண்டாம், கையை மட்டும் நன்றாகக் கழுவுங்கள்.) முளை தெரிந்த அன்றே காலை வெயிலில் வைத்துவிடுங்கள். விரலால் தொட்டு மேல்பக்கம் காய்ந்திருந்தால்தான் தண்ணீர், அதுவும் தெளித்தால் போதும்.

மிளகாய்க்கு அவசரப்படாதீர்கள், இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் மீதி விதையில் பத்தை எண்ணி ஈரத்துணியில் மடித்து ஒரு டப்பாவில் வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் விதை நல்ல விதை, மண்ணில்தான் கோளாறு. தக்காளி நாற்றை 25 நாளில் மாற்றி நடலாம், கத்தரிக்கு 30, 35 நாள், மிளகாய்க்கு 40 நாள் ஆகும். நடுவது சாயங்காலத்தில் இருக்கட்டும்.

வெண்டைக்கு இந்த வேலையெல்லாம் கிடையாது. வெண்டை, அவரை, கொத்தவரை, முள்ளங்கி எல்லாம் இருக்கும் இடத்திலேயே ஊன்ற வேண்டியவை, வேரைக் கிளப்பினால் சுணங்கிப்போகும். பாகல், புடலை விதைக்கு ஓடு கெட்டி, ராத்திரி முழுக்க ஊறவைத்துப் போடுங்கள். கீரை விதையை மணலோடு கலந்து தூவ வேண்டும், அப்புறம் எறும்பைக் கவனியுங்கள். நான் ஒரு தடவை அரைக்கீரை தூவிவிட்டு ஒரு வாரம் முளைக்கவில்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தேன், கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு எறும்பு வரிசை என் விதையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது! இப்போதெல்லாம் பக்கத்தில் கொஞ்சம் அரிசி நொய் தூவிவிடுகிறேன், அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

சரி, இப்போது அந்தப் பையை என்ன செய்வது? சாய்ந்த நாற்றை வேரோடு எடுத்து எறிந்துவிட்டு, மேல் மண்ணைக் கிளறி இரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் விடுங்கள். வெண்டை முளைத்திருந்தால் திடமான இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பையை அதற்கே கொடுத்துவிடுங்கள். தக்காளியை இன்றைக்கே டீ கப்பில் போட்டால் ஆவணியில் நட்டுவிடலாம்.