அப்பாவின் மாத்திரைக் குழப்பம்: முதலில் இதைச் செய்யுங்கள்

பந்தலூர் நண்பருக்கு, பக்கவாதம் வந்து டிஸ்சார்ஜ் ஆன அப்பாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரையை மாற்றிவிட்டார்கள், ஆனால் வீடு தேடி வரும் தன்னார்வலர் பழைய மாத்திரையையே தருகிறார், எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம், நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம். இன்றே அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-ஐ அழைத்துக் கேளுங்கள். அப்புறம் நாளைக் காலையிலேயே டிஸ்சார்ஜ் சம்மரியையும் இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் பாருங்கள், தன்னார்வலர் மூலம் வீட்டுக்கே மருந்து தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் தரும் மருந்தை அவரிடம் சொல்லித்தான் மாற்ற வேண்டும். அதே திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் தருகிறார்கள், அதையும் கேளுங்கள்.

தன்னார்வலர் மேல் தப்பில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ், தாலுகா ஆஸ்பத்திரி மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ் என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. அங்கே மாற்றியது இங்கே எப்படித் தெரியும்? கோத்தகிரியில் என் அம்மாவுக்கும் இதே கதைதான், சீட்டைத் தூக்கிக்கொண்டு நான்தான் அலைந்தேன். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் போயாக வேண்டும், இது கட்டாய விதியாக வர வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேளுங்கள், நாங்களும் எங்கள் ஊரில் கேட்கிறோம்.