விடை வந்துவிட்டது, ஆனால் நம்பலாமா? – இயற்பியல், இயந்திரவியல் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பல, கணக்கை மட்டும் ஒட்டிவிட்டு "விடை என்ன?" என்று நிற்கின்றன. தாங்களே போட்டுப் பார்த்து, எந்த வரியில் மாட்டிக்கொண்டோம் என்று காட்டியவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, கிடைத்தளத்தில் 10 கிலோகிராம் பெட்டி. உராய்வுக் குணகம் 0.4. நான் 20 நியூட்டன் விசையால் தள்ளுகிறேன். உராய்வு 0.4 × 10 × 9.8 = 39.2 நியூட்டன். கழித்தால் நிகர விசை −19.2 வருகிறது. எங்கே தப்பு?

பதில்: உங்கள் கணக்குப்படி, தள்ளிய பெட்டி திரும்பி வந்து உங்கள் மேலேயே மோதும். அந்த எதிர்க்குறியைப் பார்த்ததும் நின்றீர்களே, அதுவே நல்ல பழக்கம்.

39.2 என்பது உராய்வின் அளவு அன்று. உராய்வு எட்டக்கூடிய உச்சம். பொருள் ஓய்வில் இருக்கும்வரை, நகராமல் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் உராய்வு தரும். 20 நியூட்டனால் தள்ளினால் 20, 35 நியூட்டனால் தள்ளினால் 35, கையை எடுத்துவிட்டால் சுழி. 39.2ஐத் தாண்டும்போதுதான் பெட்டி நகரும். நகர்ந்தபின் கணக்கில் வருவது இயக்க உராய்வு. அதன் குணகம் பெரும்பாலும் சற்றுக் குறைவாக இருக்கும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் பொருள் ஓய்வில் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதற்குத் தேவையான உராய்வைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதை உச்ச அளவோடு ஒப்பிடுங்கள். உச்சத்துக்கு உட்பட்டிருந்தால் அதுவே விடை. சாய்தளத்துக்கும் இதே முறைதான். இதே 0.4 குணகம் உள்ள சாய்தளத்தில், சாய்வு ஏறக்குறைய 21.8 பாகையைத் தாண்டும்வரை பெட்டி தானாக வழுக்காது. பெட்டி 10 கிலோவா 1,000 கிலோவா என்பது அங்கே பொருட்டே இல்லை. நிறை இருபக்கமும் அடிபட்டுப் போகிறது.

கேள்வி: 10 மில்லிமீட்டர் விட்டம், 2 மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியை 10 கிலோநியூட்டன் விசை இழுக்கிறது. யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு) 200 கிகாபாஸ்கல். நீட்சி 1,273 மில்லிமீட்டர் என்று வந்தது. புத்தக விடை 1.27. ஆயிரம் மடங்கு எங்கிருந்து வந்தது?

பதில்: 2 மீட்டர் எஃகுக் கம்பி ஒன்றேகால் மீட்டர் நீளுமா? ரப்பர் நாடாவுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

தகைவை, அதாவது ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசையை, சரியாகவே கண்டுபிடித்திருக்கிறீர்கள். பரப்பு 78.5 சதுர மில்லிமீட்டர். 10,000 நியூட்டனை அதனால் வகுத்தால் சுமார் 127 மெகாபாஸ்கல். பிறகு யங் குணகத்துக்கு வெறும் 200 என்று போட்டுவிட்டீர்கள். நியூட்டனிலும் மில்லிமீட்டரிலும் வேலை செய்யும்போது தகைவு தானாகவே மெகாபாஸ்கலில் வந்துவிடும். ஆகவே 200 கிகாபாஸ்கலை 2,00,000 மெகாபாஸ்கல் என்று எழுத வேண்டும். 127.3 × 2,000 ÷ 2,00,000 = 1.27 மில்லிமீட்டர்.

அலகுகளில் தடுமாறுகிறவர்கள் ஓர் அளவை மனத்தில் வைத்திருங்கள். சாதாரண மென்னெஃகு ஏறக்குறைய 250 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். அதை யங் குணகத்தால் வகுத்தால் திரிபு (நீட்சி ÷ முதல் நீளம்) 0.00125, அதாவது ஒரு மீட்டருக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர். மென்னெஃகுக் கம்பியின் மீள்நீட்சி (சுமையை எடுத்தால் மறையும் நீட்சி) இதற்கு மேல் வந்தால், ஒன்று கணக்கில் பிழை, அல்லது அந்தச் சுமையில் யங் குணகத்தை வைத்துக் கணக்குப் போடுவதே பிழை.

கேள்வி: வெப்ப மூலம் 227 டிகிரி செல்சியஸ், வெப்ப ஏற்பி 27 டிகிரி. கார்னோ இயந்திரத்தின் (இழப்பே இல்லாத கற்பனை வெப்ப இயந்திரம்) பயனுறுதிறன் 88 சதவீதம் சரியா?

பதில்: இல்லை, 40 சதவீதம். 27ஐ 227ஆல் வகுத்திருக்கிறீர்கள். வகுக்க வேண்டியது 300 கெல்வினை 500 கெல்வினால். வெப்பநிலைகளைக் கழிக்கும்போது செல்சியஸ் போதும், வித்தியாசம் மாறாது. விகிதம் எடுக்கும் இடத்தில் கெல்வின்தான். சார்ந்த ஒரு செய்தி: கார்னோ தம் நூலை வெளியிட்டது 1824இல், தனிவெப்பநிலை அளவுகோலைக் கெல்வின் முன்வைத்தது 1848இல். அந்த அளவுகோலே கார்னோவின் கருத்தை அடிப்படையாகக் கொண்டு பிறந்ததுதான்.

கேள்வி: சார், மேல்நோக்கி முடுக்கமடையும் லிஃப்டில் நிற்பவருக்குத் தனித்த பொருள் விசைப்படம் (ஒரு பொருள்மீது செயல்படும் விசைகளை மட்டும் காட்டும் படம்) வரையும்போது, நிறை × முடுக்கம் என்ற அம்புக்குறியை மேலே போடுவதா, கீழே போடுவதா?

பதில்: எங்கும் போட வேண்டாம். படத்தில் இடம்பெறும் ஒவ்வொரு அம்புக்கும் "இதைத் தருவது யார்?" என்று கேளுங்கள். எடையைத் தருவது பூமி. மேல்நோக்கிய விசையைத் தருவது லிஃப்டின் தரை. நிறை × முடுக்கத்தைத் தருவது யார்? யாருமில்லை. அது விசைகளின் விளைவு. சமன்பாட்டின் மறுபக்கத்தில் உட்கார வேண்டியது. 60 கிலோகிராம் மனிதர், முடுக்கம் நொடிக்கு நொடி 2 மீட்டர் என்றால், தரை தரும் விசை − 588 (எடை) = 120; ஆகவே 708 நியூட்டன்.

வட்டத்தில் சுற்றும் பொருளுக்கு, அதை மையத்தை நோக்கி இழுக்கும் மையநோக்கு விசை என்று தனி அம்பு போடுகிறவர்களுக்கும் இதே பதில். கயிற்றின் இழுவிசையோ, சாலையின் உராய்வோ, ஈர்ப்போதான் அந்த வேலையைச் செய்கிறது. இரண்டையும் வரைந்தால் ஒரே விசையை இருமுறை எண்ணிவிட்டீர்கள் என்று பொருள்.

கேள்வி: முறுக்கத்தைத் தாங்கும் ஷாஃப்டின் (சுழற்சியைக் கடத்தும் தண்டின்) நடுவே துளை போட்டால் வலிமை குறையாதா? உள்ளே குடைந்த ஷாஃப்டுகளை ஏன் விரும்புகிறார்கள்?

பதில்: குறையும், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். வெளிவிட்டத்தில் பாதி அளவுக்குத் துளை போடுகிறோம். எடை விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே கால் பங்கு குறைகிறது. முறுக்கத்தைத் தாங்கும் திறனில் துளையால் வரும் குறைவோ இரு விட்டங்களின் விகிதத்தின் நான்மடியைப் பொறுத்தது. பதினாறில் ஒரு பங்கு, அதாவது 6.25 சதவீதம்தான் குறைகிறது. 25 சதவீத எடையை மிச்சப்படுத்த 6.25 சதவீத வலிமையை யார் கொடுக்க மாட்டார்கள்?

சூத்திரத்தை விட்டுவிட்டுக் காரணத்தைப் பார்ப்போம். முறுக்கும்போது தகைவு மையத்தில் சுழி. மேற்பரப்பை நோக்கி ஆரத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. நடுவில் இருக்கும் உலோகம் அரைகுறைத் தகைவில் சும்மா இருக்கிறது. போதாக்குறைக்கு மையத்துக்கு அருகே இருப்பதால் அதன் திருப்புவிசைக் கரமும் குட்டை. சும்மா இருப்பதை எடுத்துவிடுவதில் நட்டம் குறைவு. அதற்காகச் சுவரைத் தகடு போல மெலிதாக்கிவிடக் கூடாது. உலோகம் தாங்கும் அளவை எட்டுவதற்கு முன்பே சுவர் நெளிந்து மடங்கிவிடும்.

கேள்வி: திண்மக் கோளம், திண்ம உருளை, வளையம் மூன்றும் சாய்தளத்தில் வழுக்காமல் உருள்கின்றன. முதலில் எது வரும்? நிறையும் ஆரமும் தரப்படவில்லை.

பதில்: தேவையில்லை என்பதால்தான் தரவில்லை. உராய்வற்ற தளத்தில் வழுக்கும் பொருளின் முடுக்கத்தோடு ஒப்பிட்டால் கோளத்துக்கு 5/7, உருளைக்கு 2/3, வளையத்துக்கு 1/2. கோளம் முந்தும்.

கேள்வி: பத்துக் கணக்குகளை அனுப்பியிருக்கிறேன். நாளை காலை ஒப்படைக்க வேண்டும்.

பதில்: அப்படியானால் இரவு முழுக்க உங்களுக்கு வேலை இருக்கிறது.

கேள்வி: கப்பியின் இருபுறமும் 3 கிலோ, 2 கிலோ. இழுவிசை 49 நியூட்டன் என்று எழுதினேன், மதிப்பெண் இல்லை. புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று எடுத்ததாலா?

பதில்: அதனால் அல்ல. இரண்டு எடைகளையும் கூட்டிவிட்டீர்கள். 2 கிலோ மேலே முடுக்கமடைகிறது. ஆகவே இழுவிசை அதன் எடையான 19.6ஐவிட அதிகம். 3 கிலோ கீழே இறங்குகிறது, ஆகவே 29.4ஐவிடக் குறைவு. எதையும் தீர்க்காமலே விடை இந்த இரண்டுக்கும் நடுவில் என்று தெரிந்துவிட்டது. எடை வித்தியாசம் 9.8ஐ மொத்த நிறை 5ஆல் வகுத்தால் முடுக்கம் 1.96; இழுவிசை 2 × (9.8 + 1.96) = 23.5 நியூட்டன். 9.8க்குப் பதில் 10 என்று வைத்தால் 24 வரும். வினாத்தாள் எதைச் சொல்கிறதோ அதை எடுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் 9.8 எடுத்து, எடுத்ததை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.