ரேஞ்சர் பள்ளியில் சலுகை காட்டினார்களா?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிப்பவர், ஓய்வுபெற்ற ராணுவப் பெண் அதிகாரி)

கேள்வி: என் மகள் கமாண்டோ ஆக வேண்டும் என்கிறாள். "அமெரிக்க ராணுவத்தின் கடும் போர்ப் பயிற்சியான ரேஞ்சர் பள்ளியில் பெண்கள் தேறியதே, தேர்வை அவர்களுக்காக இளக்கியதால்தான்" என்கிறார் என் அண்ணன். உண்மையா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: இல்லை, சகோதரி. 2015 ஏப்ரலில் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய அந்தப் பயிற்சியில் 381 ஆண்கள், 19 பெண்கள். எல்லோருக்கும் ஒரே அளவுகோல்: 49 தண்டால், 40 நிமிடத்தில் 8 கிலோமீட்டர் ஓட்டம், முதுகில் 16 கிலோ சுமையுடன் 3 மணி நேரத்தில் 19 கிலோமீட்டர் நடை.

அந்தப் பெண்களில் கிறிஸ்டன் கிரீஸ்ட், ஷே ஹேவர் இருவரும் முதற்கட்டத்தில் இரண்டு முறை தோற்றார்கள். முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க விருப்பமா என்று பள்ளியில் கேட்டார்கள், இருவரும் தொடங்கினார்கள். உங்கள் அண்ணன் சொல்லும் 'சலுகை' இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆண்களுக்கும் தரப்படும் வாய்ப்பு இது. அதுவரை பட்ட பாடு எதுவும் கணக்கில் வராது, மீண்டும் முதல் தண்டாலிலிருந்து! இதைச் சலுகை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

அங்கே கூட இருப்பவர்களும் மதிப்பெண் போடுவார்கள். நீண்ட நடை ஒன்றில் சுமை தாங்க முடியாமல் ஒரு வீரர் உதவி கேட்டார். சுற்றி நின்ற ஆண்கள் விழித்தார்கள். ஹேவர் மட்டும் முன்வந்து சுமையில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டார். அவர் இல்லையென்றால் நான் தேறியிருக்கமாட்டேன் என்று அந்த வீரரே நிருபர்களிடம் சொன்னார். ஆகஸ்ட் 21 அன்று 94 ஆண்களோடு இந்த இருவரும் தேறினார்கள். ஆனால் பள்ளியில் தேறுவது வேறு, ரேஞ்சர் படைப்பிரிவில் சேருவது வேறு; அந்தப் பிரிவில் அன்று பெண்களுக்கு இடமில்லை. எல்லாப் போர்ப் பணிகளையும் பெண்களுக்குத் திறக்கும் முடிவை அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஷ் கார்ட்டர் அறிவித்தது டிசம்பரில்தான்.

இன்னொன்றையும் அண்ணனிடம் சொல்லுங்கள். பெண்களுக்கென்று உடற்தகுதி அளவைக் குறைக்காதீர்கள், அது பெண்களுக்கே கேடு என்று 2021இல் எழுதியவர் இதே கிரீஸ்ட்தான். நானும் அவர் கட்சி.

கேள்வி: அமெரிக்க மரைன் படையின் 2015 ஆய்வில், பெண்களும் கலந்த குழுக்களைவிட ஆண்கள் மட்டுமே கொண்ட குழுக்கள்தானே முந்தின?
– வாசகர், கோவை

பதில்: ஆம், 134 பணிகளில் 93இல் முந்தின. காயம்பட்டவர்கள் ஆண்களில் 18.8 சதவீதம், பெண்களில் 40.5 சதவீதம். இதை மறைத்துவிட்டுப் பெண்களுக்காக வாதாடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவை குழுக்களின் சராசரி. தேர்வுக்கு வந்து நிற்பது சராசரி அல்ல, ஒரு தனி ஆள். அந்த ஆள் சுமையைத் தூக்குகிறாரா, இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

காயங்களிலும் ஒரு பகுதி தவிர்க்கக்கூடியது. உயரமானவரின் நீண்ட அடிக்கு ஈடுகொடுத்துச் சுமையோடு நடக்கும்போது குட்டையானவரின் இடுப்பெலும்பில் விரிசல் விழலாம். ஆணின் உடலுக்குத் தைத்த முதுகுப்பை பெண்ணின் இடுப்பில் பொருந்தாமல் தோளை அறுக்கும். அந்தத் தழும்பு என் தோளில் இன்னும் இருக்கிறது. பையை மாற்றித் தைப்பதால் தேர்வு எளிதாகிவிடாது.

கேள்வி: நம் நாட்டில் எந்தக் கதவு திறந்திருக்கிறது? இப்போதிலிருந்து எப்படித் தயாராவது?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: காலாட்படையும் டாங்கிப் படையும் பெண்களுக்கு இன்னும் மூடியே இருக்கின்றன. பீரங்கிப் படை 2023இல் திறந்தது. சென்னை பரங்கிமலைப் பயிற்சி நிலையத்தில் தேறிய 5 பெண் அதிகாரிகள் அதில் முதலில் சேர்ந்தார்கள். மத்திய ரிசர்வ் போலீஸின் கோப்ரா கமாண்டோ பிரிவு 2021இல் 34 பெண்களை எடுத்தது.

ஓட்டம் மட்டும் போதாதம்மா. பை சுமந்து நடந்து பழகு. எடையை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டு. வயிறாரச் சாப்பிடு. கடும் பயிற்சியில் மாதவிலக்கு நின்றுபோனால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதே. உழைப்புக்கு ஏற்ற உணவு போகவில்லை, எலும்பு வலுவிழக்கிறது என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்.