அடுப்படித் தீயும் பத்து விநாடியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாலு வருஷத்துக்கு முன் ஒரு கிலோ தீயணைப்பான் வாங்கி அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினோம். முள் இன்னும் பச்சையில்தான் நிற்கிறது, அப்படியானால் நல்ல நிலையில்தானே இருக்கிறது? மாமியார் அதைத் தொடவே பயப்படுகிறார். (வாசகி, குளுகோர்)

பதில்: முதல் வேலையாக அதை அங்கிருந்து கழற்றுங்கள் அம்மா. சட்டியில் தீ எழும்போது அந்தத் தீயைத் தாண்டிக் கையை நீட்டியா எடுப்பீர்கள்? அடுப்படி வாசலோரம், வெளியே போகிற வழியில், கை சுலபமாக எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். அப்போது புட்டியை எடுக்க வருகிறவர் வாசலுக்கும் வந்துவிடுகிறார், தீ கைமீறிப் போயிருந்தால் அப்படியே வெளியேறலாம்.

பச்சை முள் அழுத்தத்தை மட்டும்தான் சொல்லும். தீயை அணைப்பது உள்ளே இருக்கும் பவுடர், அது வருஷக்கணக்கில் அசையாமல் நின்றால் ஈரம் பட்ட மாவு மாதிரி அடியில் இறுகிப் போகும், அவசரத்துக்கு அமுக்கினால் வெறும் காற்று புஸ்ஸென்று வந்து நின்றுவிடும். மாதம் ஒரு தடவை புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காதருகே பிடியுங்கள். பவுடர் சரசரவென்று சரிவது காதிலும் கேட்கும், கையிலும் தெரியும். நாலைந்து தடவை கவிழ்த்து நிமிர்த்தியும் ஒன்றும் அசையவில்லை என்றால் அதை நம்ப வேண்டாம். அப்படியே பிடியில் செருகியிருக்கும் ‘பின்’ என்ற ஊசியும் அதைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் சீலும் இருக்கிறதா, அடிப்பாகத்தில் துரு ஏறியிருக்கிறதா (பினாங்கில் கடல்காற்று சும்மா விடாது), பவுடர் வெளிவரும் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். குளவிக்கூட்டை நானே இரண்டு மூன்று புட்டிகளில் பார்த்திருக்கிறேன்.

‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று மட்டும் கொஞ்சமாக அமுக்கிப் பார்த்துவிடாதீர்கள். பல வருஷத்துக்கு முன் என் வீட்டுப் புட்டியில் நான் அதைச் செய்தேன். ஒரு விநாடிதான் அமுக்கியிருப்பேன், முள் அசையக்கூட இல்லை, திருப்தியாக மாட்டி வைத்தேன். சில வாரம் கழித்துப் பார்த்தால் முள் பூஜ்யத்தில் கிடந்தது. வால்வின் இடுக்கில் துளி பவுடர் சிக்கினாலும் அது சரியாக மூடாது, அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்துவிடும். அன்று இரவு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. அதனால் ஒரு தடவை அமுக்கிய புட்டி, பாதி மிச்சம் இருந்தாலும், மறுபடி நிரப்ப வேண்டிய புட்டிதான்.

வருஷத்துக்கு ஒரு முறை பொம்பாவில் (தீயணைப்புத் துறையில்) பதிவு பெற்ற நிறுவனத்திடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு கிலோ புட்டிக்குப் பல நேரம் புதிதே வாங்கிவிடலாம் என்றாகிவிடும். வாங்கும்போது சிரிம் (தர நிர்ணய நிறுவனம்), பொம்பா முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பழையதைக் குப்பையில் போடாமல் அந்தக் கடையிலேயே கொடுங்கள்.

ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். புட்டியில் துரு இல்லை, முள்ளும் பச்சையில் நிற்கிறது என்றால் மாமியாரைத் திறந்த திடலுக்கு அழைத்துப் போங்கள். காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி நிற்கட்டும். பின்னை உருவி, ஒரு காலி அட்டைப்பெட்டியின் அடியைக் குறிவைத்து, பிடியை அமுக்கி, இடமும் வலமுமாக வீசட்டும். முதல் தடவை அந்தச் சத்தமும் வெள்ளைப் புகைமாதிரிப் பவுடரும் யாரையும் திடுக்கிட வைக்கும், அந்தத் திடுக்கிடல் திடலிலேயே முடிந்துவிட்டால் நல்லது. அப்புறம், அது எத்தனை நேரம் வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு கிலோ புட்டி பெரும்பாலும் பத்து விநாடிக்குள் தீர்ந்துவிடும். அவ்வளவுதான் நம் கையில் இருக்கும் நேரம் என்பது அவருக்கும் புரியும், உங்களுக்கும் புரியும்.

கேள்வி: தீபாவளிக்கு நாலைந்து பேர் சேர்ந்து வீட்டு முன்புறம் பெரிய குவாலி (வாணலி) வைத்து முறுக்கு சுடுவோம். ‘ஏபிசி’ என்று எழுதிய புட்டி இருக்கிறது. எண்ணெய்த் தீக்கு அது போதுமா? (வாசகி, பிறை)

பதில்: ஏ என்பது மரம், துணி, காகிதம். பி என்பது பெட்ரோல் மாதிரி எரியும் திரவம். சி என்பது இங்கே எரிவாயு. கொதிக்கும் சமையல் எண்ணெய்க்கு எஃப் என்று தனி வகையே உண்டு, அதற்கான புட்டியில் இருப்பது ஈர ரசாயனம். அது எண்ணெய் மேல் சோப்பு நுரைபோலப் படிந்து காற்றை மறைக்கிறது, சூட்டையும் தணிக்கிறது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்கள் அதைத்தான் வைத்திருக்க வேண்டும். பவுடர் சுவாலையை அமுக்கும், ஆனால் எண்ணெயின் சூட்டை எடுக்காது, அதனால் அணைந்த எண்ணெய் கண்ணெதிரே மறுபடி பிடித்துக்கொள்ளும். கிட்டப் போய் அடித்தால் அந்த வேகத்தில் எரியும் எண்ணெயே தெறித்துவிடும்.

அதனால் முறுக்கு சுடும் இடத்தில் முதல் ஆயுதம் மூடிதான். குவாலியை முழுக்க மூடுகிற அளவுக்கு ஒரு தட்டையான இரும்பு மூடியை முதல் பிடி மாவு பிழிவதற்கு முன்பே பக்கத்தில் வையுங்கள். தீப்பிடித்தால் கேஸை அடைத்துவிட்டு, மூடியை உங்கள் பக்கமிருந்து எதிர்ப்பக்கமாகச் சாய்த்து மூடுங்கள், எண்ணெய் நன்றாக ஆறும்வரை திறந்து பார்க்காதீர்கள். குவாலியைத் தூக்கிக்கொண்டு ஓடவே கூடாது. தண்ணீர் ஒரு குவளைகூட வேண்டாம். அது எண்ணெயைவிடக் கனம், அடிக்குப் போய் நொடியில் ஆவியாகி 1,700 மடங்குக்கு விரியும், மேலே இருக்கும் எரியும் எண்ணெயை எல்லார் மேலும் வாரி இறைத்துவிடும். மூட முடியாவிட்டால்தான் புட்டி. அதுவும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று.

கேஸ் தோம்பின் (சிலிண்டரின்) தலையிலேயே தீ எரிந்தால் வேறு கணக்கு. வால்வை அடைக்க முடியாத நிலையில் சுவாலையை மட்டும் அணைத்துவிட்டால் வாயு கண்ணுக்குத் தெரியாமல் கசிந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து கால்வாயில் தேங்கும், ஒரு பொறி போதும். எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் கறுப்புக் கொம்பு (கூம்பு மாதிரி வாய்) வைத்த புட்டி இருக்கிறது, அதில் முள்ளே இல்லையே? (வாசகர், பாயான் லெப்பாஸ்)

பதில்: அது கரியமில வாயு, எடை போட்டுத்தான் நிறைவு பார்ப்பார்கள். மின்சாதனத் தீக்கு நல்லது, பின்னால் துடைக்க எதுவும் மிஞ்சாது. அமுக்கும்போது கொம்பைக் கையால் பிடிக்காதீர்கள், தோல் உறைந்துவிடும். சின்ன அறையில் அடித்தால் உடனே வெளியே வந்து கதவைச் சாத்துங்கள், அந்த வாயுவில் மூச்சு முட்டும்.

கேள்வி: எனக்கு 71 வயது, பிளாட்டின் எட்டாவது மாடியில் மனைவியோடு இருக்கிறேன். மகன் ஆறு கிலோ புட்டி வாங்கித் தருகிறேன் என்கிறான். என்னால் தூக்க முடியுமா? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: ஐயா, ஆறு கிலோ என்பது பவுடர் மட்டும், இரும்பின் எடை தனி. இரண்டு கிலோ புட்டி கேளுங்கள். குப்பைத்தொட்டி அளவு தீ என்றால் முயலலாம். அதைவிடப் பெரிது, அல்லது புகை தலைக்கு மேல் திரள்கிறது என்றால் புட்டியைத் தொடாதீர்கள், மனைவியைக் கூட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் இறங்குங்கள், லிப்ட் வேண்டாம். கீழே போய் 999-ஐ அழைத்து புளோக், மாடி எண் சொல்லுங்கள்.

எனக்கு உங்கள் கிரில் கதவு பற்றித்தான் அதிகக் கவலை. திருடனுக்குப் பயந்து உள்ளே பூட்டிவிட்டுச் சாவியைப் படுக்கையறை அலமாரியில் வைக்கிற வீடுகள் எத்தனையோ. புகையில் அந்தச் சாவியைத் தேட உங்களுக்கு நேரமே இருக்காது. வெளியிலிருந்து கை எட்டாத இடமாக, கதவுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணி அடித்துச் சாவியை அதில் மாட்டுங்கள். இன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நீங்களும் அம்மாவும் ஆளுக்கொரு தடவை சாவியைத் தடவி எடுத்துப் பூட்டைத் திறந்து பாருங்கள்.