அரை மணி நேரத்தைத் தின்னும் அலாரம்

கேள்வி: இரவு 12.30-க்குப் படுத்து, ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க 6 மணிக்கு எழ வேண்டும். தூக்கச் சுழற்சியை (இலேசான, ஆழ்ந்த, கனவுத் தூக்கங்கள் மாறி மாறி வருவதை) பார்த்து இதமாக எழுப்பும் என்று சொன்னதால் மணிக்கட்டில் கட்டும் ஸ்மார்ட் பேண்ட் வாங்கினேன். பெரும்பாலும் 5.35-க்கே எழுப்பிவிடுகிறது. தலைபாரம் முன்பைவிட அதிகம். கடைக்காரர் 14,000 ரூபாய் வாட்ச்தான் துல்லியம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் பேண்ட் பழுதில்லை. 6 மணிக்கு முந்தைய அரை மணி நேரத்தில் எப்போது இலேசான தூக்கம் தென்பட்டாலும் எழுப்பு என்பதுதான் அதற்கு இடப்பட்ட கட்டளை. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பகுதியிலேயே முடிந்துவிடும். விடிகாலையில் மிஞ்சுவது இலேசான தூக்கமும் கனவுத் தூக்கமும்தான். ஆகவே 5.30 தாண்டியதும் ஒருமுறை புரண்டால் போதும், மணிக்கட்டு அதிரும். ஐந்தரை மணி நேரமே தூங்குகிறவரிடமிருந்து தினமும் 25 நிமிடம் போனால், வாரம் ஆறு நாளில் இரண்டரை மணி நேரம் போகிறது!

இன்றே ஆப்பில் அந்த அரை மணியை 10 நிமிடமாகக் குறையுங்கள். குறைக்க முடியாவிட்டால் ஸ்மார்ட் அலாரத்தை அணைத்துவிட்டு, போனில் 6 மணிக்குச் சாதாரண அலாரம் வைத்து, எழுந்து நடந்தால்தான் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஸ்னூஸ் கூடாது. எழுந்ததும் விளக்கைப் போடுங்கள். மந்தம் தெளிய 15 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்குள் வண்டி ஓட்டாதீர்கள். படுக்கும் நேரத்தை மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்தி 11 மணிக்குக் கொண்டுவாருங்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தேவை. எந்த வாட்சும் அதை ஈடுகட்டாது.

அந்தத் 'துல்லியம்' பற்றி: தூக்கத்தின் கட்டங்களைப் பிரித்துச் சொல்ல மூளை அலையை அளக்க வேண்டும். மணிக்கட்டில் இருப்பது அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துப் போடும் ஊகம். கனவுத் தூக்கத்தில் தசைகள் தளர்ந்து உடல் அசையாது. அசைவை மட்டும் பார்க்கும் கருவி அதை ஆழ்ந்த தூக்கம் என்றே எழுதிவிடும். மெத்தையில் போனை வைக்கும் ஆப் என்றால், பக்கத்தில் குழந்தை புரண்டாலும் உங்கள் கணக்கில் ஏறும். ஒரு தூக்கச் சுழற்சிக்கு 90 நிமிடம் என்ற கணக்கையும் நம்ப வேண்டாம். அது சராசரி, ஒரே இரவில் ஒருவருக்கே 70 முதல் 120 நிமிடம் வரை மாறும்.

எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும் என்று காட்டும் நட்சத்திரக் குறியீடு சீலிங் ஃபேனுக்கே 2023 முதல் கட்டாயம். ஆனால் தூக்கத்தை அளப்பதாகச் சொல்லி விற்கும் கருவியின் பெட்டியில் பிழை எவ்வளவு என்று ஒரு வரி இருப்பதில்லை. 'இது மருத்துவக் கருவி அல்ல' என்பது மட்டும் பொடி எழுத்தில் இருக்கும். இதை அரசு எப்போதுதான் கேட்கப்போகிறது? 'தூக்க மதிப்பெண்' குறைவு என்று காட்டி, தூக்கம் வரும் என்று மாத்திரையும் மிட்டாயும் விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். ஏழு நாள் இலவசம் என்ற ஆப்பை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரின் சந்தாப் பகுதிக்குள் போய் ரத்து செய்யுங்கள்.

ஒன்று மட்டும் வேறு கதை: குறட்டை. சத்தமான குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் வாய் வறட்சி, தலைவலி, பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொக்குவது இருந்தால் அலாரத்தை மறந்துவிடுங்கள். தூக்கத்தில் மூச்சுத்தடையாக இருக்கலாம். ஒல்லியானவர்களுக்கும், தாடை சிறுத்தவர்களுக்கும் வரும். பேண்ட் காட்டும் ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் யாரையாவது இரவு இரண்டு நிமிடம் குறட்டையைப் பதிவுசெய்யச் சொல்லி, நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஓர் இரவு தூக்கப் பரிசோதனைக்கு எழுதினால், அன்று பகலில் தூங்காதீர்கள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள். எண்ணெய் இருந்தால், மூளை அலையை அளக்கத் தலையில் வைக்கும் மின்முனைகள் ஒட்டாது.